தேர்மணியும் கைப்பேசி மணியும்

வினைமுடித்த தலைவன் ஒருவன் இல்லம் நோக்கித் தேரேறி வருகின்றான். கார்காலம் தொடங்கிவிட்டது, காடெங்கும் பூத்துக் கிடக்கின்றது. பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் தன் தேர்மணி ஓசையால் கலங்கிவிடுமே என அஞ்சி, மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றானாம் அவன். அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் காட்சி இது. வகுப்பறையில் இதனை விளக்குங்கால் மாணவர்கள் 'தலைவனின் அருளுள்ளம்' என்று குறிப்பெடுப்பர், தேர்வில் எழுதுவர், பின்னர் மறந்துவிடுவர். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தோம். மண்ணூரில் சாலையோரத் தேநீர்க் கடையொன்றின் முன் நின்றிருந்த ஒரு மாலைப்பொழுதில்தான் அப்பாடல் வேறொரு பொருளோடு நம் நினைவுக்கு வந்தது.

வளைவில் திரும்பிய சரக்குப் பெட்டக லாரி ஒன்றின் ஓட்டுநர் ஒற்றைக் கையால் திசைச் சக்கரத்தைச் சுழற்றினார்; மற்றொரு கை காதோடு ஒட்டியிருந்தது. அதன்பின் நிறுவனப் பேருந்து ஒன்று வந்தது. பணி முடித்த இளம்பெண்கள் சன்னல் கம்பியில் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தனர். முன்னிருக்கையில் ஓட்டுநரின் முகத்தில் நீலவொளி படர்ந்திருந்தது. இருசக்கர வண்டியில் விரைந்த இளைஞரோ தலைக்கவசத்திற்கும் கன்னத்திற்கும் இடையே கைப்பேசியைச் செருகியிருந்தார். தலையைக் காக்க வந்த கவசம் கைப்பேசியைத் தாங்கும் உறையாகிவிட்டது! இத்தகையோர் எத்துணைப் பேர் என எண்ணத் தொடங்கினோம். தேநீர் ஆறுவதற்குள் எண்ணுவதைக் கைவிட்டோம்.

மண்ணூர் ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் உள்ள சிற்றூர். இராமாநுசர் பிறந்த தலம் என்ற பெருமையால் அறியப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூரின் சுற்றுவட்டாரம், கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தியாவின் பெருந்தொழில் வட்டாரங்களுள் ஒன்றாக வளர்ந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் மகிழுந்துகள் 1998இல் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் ரெனோ-நிசான் மகிழுந்துகளும், பாரத்பென்ஸ் லாரிகளும், ராயல் என்பீல்டு இருசக்கர வண்டிகளும் உருவாகின்றன. சாலையில் ஓடுவன அனைத்தும் இம்மண்ணில் பிறக்கின்றன எனின் அது மிகையன்று. இன்னொன்றும் இங்கே பிறந்தது. 2006ஆம் ஆண்டு முதல் 2014 நவம்பர் முதல் நாள் வரை ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் வளாகத்தில் நோக்கியா நிறுவனம் கோடிக்கணக்கான கைப்பேசிகளை உருவாக்கியது. அஃது மூடப்பட்ட பின்னரும் அத்தொழில் இவ்வட்டாரத்தை விட்டு நீங்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஆலை ஐபோன்களைச் செய்கின்றது. வண்டியும் கைப்பேசியும் ஒரே மண்ணில், ஒரே சாலையின் இருமருங்கிலும் உருவாகி, அச்சாலையிலேயே ஒரே மனிதரின் கைகளில் ஒன்றுசேர்வதை வேறு எங்கே இவ்வளவு தெளிவாகக் காண இயலும்?

சாலையோ இவற்றிற்காகப் பிறந்ததன்று. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையின் பெருநெரிசல் ஒருபுறம். சிங்கப்பெருமாள்கோயில்-ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையும் வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும் குறுக்கிடும் ஒரகடம் சந்திப்பு மறுபுறம். ஆலைகளில் பணிமாற்ற நேரம் வந்துவிட்டால் பேருந்துகள் வரிசை வரிசையாகப் புறப்படும். துறைமுகம் நோக்கிய பெட்டக லாரிகள் இரவு பகல் பாராது ஓடும். அண்டை மாவட்டமாகிய திருவள்ளூரின் மப்பேட்டில் பல்முனைச் சரக்குப் பூங்காவிற்கு 2022 மே 26இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகவே வண்டிகள் இனியும் பெருகுமேயன்றிக் குறையா. அவற்றுக்கிடையே ஆடு மேய்ப்போரும், மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் சிறாரும், வேலை முடித்துச் சாலையைக் கடக்கும் வடமாநிலத் தொழிலாளரும் இருக்கின்றனர்.

ஓட்டும்போது பேசினால் என்ன நேர்கின்றது? பலரும் கருதுவது, 'ஒரு கை குறைகின்றது, அவ்வளவே' என்பதாம். கையைவிட முதன்மையானது கண். கண்ணைவிட முதன்மையானது மனம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். அமெரிக்காவில் விர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தார் லாரிகளில் ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு அச்சமூட்டுவது. குறுஞ்செய்தி எழுதும் ஓட்டுநரின் கண்கள் 6 நொடிக் கால அளவில் 4.6 நொடிகள் சாலையை விட்டு விலகியிருந்தன. விபத்தோ, விபத்தை ஒட்டிய நிகழ்வோ நேரும் வாய்ப்பு 23 மடங்காக உயர்ந்திருந்தது. நம் கணக்கில் பார்த்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் 4.6 நொடிகள் என்பது 77 மீட்டர். பொருள்களை ஏற்றிய லாரியொன்று அவ்வளவு தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்கு ஒப்பாகும் இது. 2016 ஆகஸ்டு 10இல் இங்கிலாந்தின் ஏ34 நெடுஞ்சாலையில் நிகழ்ந்தது அதுவே. கைப்பேசியில் பாடல் தேடிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஏறத்தாழ 7 நொடிகள் சாலையைப் பாராதிருந்தார். முன்னே நின்றிருந்த ஊர்திகளின் மேல் லாரி மோதியது. ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் மாண்டனர். ஓட்டுநருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

'நாம் திரையைப் பார்ப்பதில்லை. காதில் கருவியை மாட்டிப் பேசுகின்றோம். கைகள் இரண்டும் சக்கரத்தில்தான் உள்ளன' என்பார் உளர். படித்தவர்களிடையே, நம் கல்லூரி ஆசிரியர் அறையிலுங்கூட, இவ்வாதம் செல்வாக்குடன் திகழ்கின்றது. இதனைச் சற்று விரிவாகவே பார்த்தல் வேண்டும். கனடாவின் டொரான்டோ நகரில் ரெடல்மையர், திப்சிராணி ஆகிய இருவர், கைப்பேசி வைத்திருந்து மோதலுக்குள்ளான 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். பேசும் நேரத்தில் மோதல் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என்பது அவர்தம் முடிவு. கையில் ஏந்தாமல் பேசும் கருவியால் அவ்விடர் குறைந்ததாகவும் அவர்கள் காணவில்லை. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயமுற்று மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களிடையே நிகழ்ந்த ஆய்வும் அதே 4 மடங்கையே கூறிற்று. உலக சுகாதார நிறுவனமும் இன்று அந்த அளவையே எடுத்துரைக்கின்றது.

காரணம் யாது? யூட்டா பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்ட்ரேயர் என்னும் உளவியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓட்டுநர்களின் கண்ணசைவைக் கருவியால் அளந்தனர். பேசிக்கொண்டே ஓட்டியவர்களின் கண்கள் சாலையோரப் பலகைகளின் மீது பட்டிருந்தன. எனினும் கண்டவற்றுள் பெரும்பகுதி அவர்கள் நினைவில் பதியவில்லை. கண் திறந்திருந்தது, காட்சி உள்ளே செல்லவில்லை. இதனைக் கவனக் குருடு எனலாம். 2006இல் அதே குழுவினர் செயற்கை ஓட்டுப்பொறியில் 40 பேரை ஓட்டச் செய்து, கைப்பேசியில் பேசுவோரையும் குருதியில் 100 மில்லி லிட்டருக்கு 80 மில்லி கிராம் மது கலந்தோரையும் ஒப்பிட்டனர். பேசியவர்களின் தடுப்பு விசை மிதிக்கும் வேகம் குன்றியிருந்தது. முன்வண்டியில் மோதியோரும் அவர்களே. நம் நாட்டில் மது அருந்தி ஓட்டுவதற்குச் சட்டம் வகுத்துள்ள எல்லை 30 மில்லி கிராம்தான் என்பதை ஈண்டு நினைவிற்கொள்க. மதுவை வாழ்நாளில் தீண்டாத நல்லோர் பலர், மதுவுண்டார் நிலையில் வண்டி ஓட்டுகின்றனர் என்றால் அவர்கள் சினங்கொள்வர். ஆயினும் ஆய்வு அதனைத்தான் சொல்கின்றது.

திருக்குறளின் 54ஆம் அதிகாரத்துக்குப் 'பொச்சாவாமை' என்று பெயர். பொச்சாப்பு என்பது வெறும் மறதியன்று; மகிழ்ச்சியாலோ பழக்கத்தாலோ செய்ய வேண்டியதினின்றும் மனம் நழுவும் சோர்வு. வெகுளியைக் காட்டிலும் அதனைக் கொடிதாக வைக்கின்றார் வள்ளுவர். சினத்தோடு ஓட்டுபவரை எளிதில் இனங்காண்கின்றோம், ஒலியெழுப்பி விலகிக்கொள்கின்றோம். சிரித்துப் பேசிக்கொண்டே வருபவர் நம்மைப் பார்த்துக்கொண்டே நம்மீது ஏற்றிவிடுவார்.

'அருகிலிருப்பவரோடு பேசினாலும் கவனம் சிதையுமன்றோ' என்று மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். நல்ல வினா. சங்கத் தலைவன் தன் பாகனோடு பேசிக்கொண்டேதான் வருகின்றான். அகப்பாடல்கள் பல வலவனை விளித்துச் சொன்னவையே. ஆனால் அவன் தேரிலேயே இருக்கின்றான். பாகன் காணும் பாதையைத் தானும் காண்கின்றான். 2008இல் வெளிவந்த யூட்டா ஆய்வு இவ்வேறுபாட்டையே உறுதிப்படுத்திற்று. உடன் பயணிப்பவர் நெரிசலைக் கண்டதும் பேச்சை நிறுத்துகின்றார். சாலையைப் பற்றியே பேசத் தொடங்குகின்றார். திரும்ப வேண்டிய இடத்தை நினைவூட்டுகின்றார். அழைத்தவருக்கோ எதுவும் தெரியாது. முன்னே லாரி குறுக்கிட்டாலும் அவர் 'கேட்கிறதா, கேட்கிறதா' என்றே வினவிக்கொண்டிருப்பார்.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதையும் சுருங்கக் காண்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுவதைத் தண்டிக்கின்றது. 2019 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஓட்டும்போது கையிலேந்தும் தகவல்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதையும் அதனுள் சேர்த்தது. முதற் குற்றத்துக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 முதல் 5000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டுமே. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வகுக்கப்பட்ட கட்டண முறையில் முதன்முறை 1000 ரூபாய். மறுமுறை 10,000 ரூபாய். இதற்கு முன்னரே 2015இல், சாலைப் பாதுகாப்புக்கென உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, ஓட்டும்போது கைப்பேசியில் பேசுவோரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. 2020 அக்டோபர் முதல், வழிகாட்டும் வரைபடத்துக்காக மட்டும், அதுவும் கவனம் சிதையாதவாறு, கருவியைப் பயன்படுத்தலாம் என விதி தளர்ந்தது. வாடகை வண்டி ஓட்டுவோருக்கு இத்தளர்வு இன்றியமையாதது; ஆனால் வரைபடம் காட்டும் அதே திரையில்தான் அடுத்த சவாரிக்கான அழைப்பும் வந்து விழுகின்றது. சில நொடிகளில் விரல் வைக்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

எண்ணிக்கையைப் பார்த்து 'இவ்வளவுதானா' என ஏமாறுதல் கூடாது. நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021ஆம் ஆண்டில் கைப்பேசியால் நேர்ந்த விபத்துகள் 1997 என்றும், உயிரிழந்தோர் 1040 பேர் என்றும் பதிவு செய்தது. 2022இல் நாடெங்கும் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 உடன் முதலிடம் பெற்றது, உயிரிழப்பு 17,884. இவற்றுள் கைப்பேசியின் பங்கு முழுவதும் கணக்கில் வருவதற்கு வழியில்லை. மதுவுக்கு ஊதுகருவி உண்டு. விபத்துக்கு முன் பேசிய பேச்சுக்கு அத்தகைய உடனடிக் கருவி எங்கே? தூக்கி எறியப்பட்ட கைப்பேசியை யாரோ எடுத்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவர். முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற பழைய தொடர் இடம்பெற்றுவிடும். சாலையில் நிற்கும் காவலருக்கும் இருசக்கர வண்டியில் பேசுபவர் தெரிவார். உயர்ந்த லாரியின் முன்னறைக்குள் என்ன நடக்கின்றது என்பது தெரியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019 டிசம்பரில் இதற்கென்றே மேலிருந்து படமெடுக்கும் கருவிகளை நிறுவியது. இங்கும் அத்தகையன வரலாம், வரட்டும்.

நாம் சொல்ல விழைவது பிறிதொன்று. இதுகாறும் கூறியவை அனைத்தும் ஓட்டுநரைப் பற்றியவை. தண்டமும் ஏச்சும் அவருக்கே. ஆனால் எந்தப் பேச்சுக்கும் இரு முனைகள் உண்டு. மறுமுனையில் இருப்பவர் யார்?

அன்று மண்ணூரில் லாரியை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்த வந்த ஓட்டுநர் ஒருவரிடம் இதனைக் கேட்டோம். வயது ஐம்பதிருக்கும். முன்பெல்லாம் கிளீனர் ஒருவர் உடன் வருவார் என்றும், இப்போது தனியாகத்தான் ஓட்டுகின்றேன் என்றும் கூறினார். "போன் எடுக்கலேன்னா வண்டி எங்கேன்னு ஆபீஸ்ல ஆடிப்போயிடுவாங்க சார். ரெண்டு தடவை எடுக்கலேன்னா அடுத்த லோடு வேற வண்டிக்கு. நானா ஆசைப்பட்டுப் பேசறேன்?" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது. "இதோ பூந்தமல்லி தாண்டிட்டேன்" என்று ஒரு சிறு பொய்யைச் சொல்லிவிட்டு நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

நிறுவனப் பேருந்தின் ஓட்டுநருக்கு, அடுத்த நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்கின்றனர் எனக் கேட்கும் அழைப்பு. பொருள் கொண்டுசெல்பவருக்கு, வாசலில் காத்திருக்கும் வாடிக்கையாளரின் அழைப்பு. இரவுப் பணி முடித்து வரும் மகனுக்கு, 'எங்கே வருகிறாய்' எனக் கேட்கும் தாயின் அழைப்பு. தாயின் அழைப்பு அன்பினால் வருவது. மேற்பார்வையாளரின் அழைப்பு அதிகாரத்தால் வருவது. ஓட்டுபவரின் காதுக்கு இரண்டும் ஒன்றே, மறுக்க இயலாதவை.

இதனை எழுதும் நாமும் அம்மறுமுனையில் இருந்தவரே. சென்ற ஆண்டு இத்தகைய மலரொன்றுக்கு விளம்பரம் திரட்டும் பணி நம்மிடம் இருந்தது. ஒரகடத்தில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் தமக்குத் தெரிந்த நிறுவனத்தில் கேட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். மாலையில் அவரை அழைத்தோம். "சொல்லுங்க ஐயா" என்றார். காற்றின் இரைச்சல் கேட்டது. "வண்டியிலதான் போறேன், பரவாயில்லை, சொல்லுங்க ஐயா" என்றார். 'இரண்டே நிமிடந்தான்' என்று சொல்லி, பக்க அளவையும் கட்டணத்தையும் விளக்கத் தொடங்கினோம். முழுப் பக்கத்துக்கும் அரைப் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஓர் ஒலிப்பான் நீளமாக ஒலித்தது. பின்னர் உராயும் ஓசை. பின்னர் யாரோ முன்பின் அறியாதவர்களின் குரல்கள். நாம் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தோம். கைப்பேசி தலைக்கவசத்தோடு சாலையில் கிடந்து எல்லாவற்றையும் நமக்குக் கேட்பித்துக்கொண்டிருந்தது.

உயிருக்கு ஏதும் நேரவில்லை. காரையெலும்பு முறிந்தது, முழங்கையில் தோல் உரிந்தது. அங்கிருந்தோர் 108ஐ அழைத்திருக்கின்றனர். அதற்கும் கைப்பேசிதானே உதவிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. டொரான்டோ ஆய்விலும் மோதலுக்குப்பின் 39 விழுக்காட்டினர் அவசர உதவியை அழைக்கத் தம் கைப்பேசியையே பயன்படுத்தினர். நம்மை உறுத்தியது வேறு. மறுநாள் மருத்துவமனையில் அவரைக் காணச் சென்றபோது அவர் எழ முயன்றார். "மன்னிச்சுக்குங்க ஐயா, நீங்க பேசிட்டிருக்கும்போதே பாதியில நின்னுபோச்சு" என்றார். ஆசிரியரின் அழைப்பை எடுக்காதிருப்பது மரியாதைக் குறைவு என்று அவருக்கு யார் கற்பித்தது? நாம்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு. அஃது 188ஆம் பிரிவு. 184ஆம் பிரிவின் குற்றத்துக்கு உடந்தையாவோர்க்கும் அக்குற்றத்துக்குரிய அதே தண்டனை என்கின்றது அது. கையில் கருவியேந்தி ஓட்டுதல் 184இல் அடங்கும் எனில், ஓட்டுகின்றார் என்று அறிந்தும் எடுத்துப் பேசுமாறு தூண்டுபவரை இப்பிரிவு தொடாது என்று எவரும் உறுதி கூற இயலாது. பிற நாடுகள் இதனை வெளிப்படையாகவே எழுதிவைத்துள்ளன. பிரிட்டனில் 2003 டிசம்பர் முதல் நாள் வந்த விதி, ஓட்டுநரை மட்டுமன்றி, அவரை அவ்வாறு ஓட்டச் செய்பவரையும் ஓட்ட இசைபவரையும் குற்றவாளியாக்குகின்றது. அமெரிக்காவில் 2012 சனவரியில் நடைமுறைக்கு வந்த விதி, சரக்கு லாரி ஓட்டுநருக்கு 2750 டாலர் வரை தண்டம் விதித்தது. ஓட்டும்போது கைப்பேசியைக் கையிலேந்திப் பேசுமாறு கோரும் நிறுவனத்துக்கோ 11,000 டாலர் வரை. நான்கு மடங்கு! இதனை வகுத்தவர்கள் மண்ணூர்த் தேநீர்க் கடையில் நம்மோடு நின்றவர்கள் போலும்.

ஒரகடம் வட்டாரத்து ஆலைகளுக்குள் பாதுகாப்பு விதிகள் மிகக் கடுமையானவை. காலணி, தலைக்கவசம், மஞ்சட் கோடு தாண்டாமை என எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகப் பேணுவதை நம் மாணவர்கள் பெருமையோடு சொல்வர். அவ்விதிகள் ஆலையின் வாயிற்கதவோடு நின்றுவிடுகின்றன. வண்டி எங்குள்ளது என்பதைக் காட்டும் கருவி இன்று லாரிகளிலும் பேருந்துகளிலும் பொருத்தப்படுகின்றது. அதன் திரையைப் பார்த்தாலே விடை கிடைக்கும். வண்டி நகர்கின்றது என அத்திரை காட்டும்போது அழைக்கலாகாது என ஒரு வரியைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் சேர்த்தால், தண்டத் தொகை எவ்வளவு உயர்ந்தாலும் ஏற்படாத மாற்றம் ஏற்படும் என்றே நாம் கருதுகின்றோம். எடுக்காத அழைப்புக்காக லோடு பறிபோகாது என்ற உறுதியையும் அதே ஒப்பந்தம் தரவேண்டும்.

தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டியது, தான் ஓட்டுவதற்கு இடையூறு என்பதற்காகவன்று; வழியில் வேறு உயிர்கள் உண்டு என்பதற்காக. அவனுக்கு அதனை யாரும் கட்டளையிடவில்லை. அவன் வரவை நோக்கி இல்லத்தில் ஒருத்தி காத்திருந்தாள். கார்காலம் வந்தும் அவன் வந்திலனே என்று அவள் வருந்தியும் இருந்தாள். எனினும் 'எங்கே வருகின்றீர்' எனக் கேட்க அவளிடம் கருவி இல்லை. அஃது இருந்திருப்பின் மருதனாரின் பாடல் எவ்வாறு அமைந்திருக்குமோ!

இப்போது நாம் எவரை அழைத்தாலும் முதலில் 'வண்டி ஓட்டுகிறீர்களா' என்று கேட்கின்றோம். ஆம் எனின் விடைகூடச் சொல்லாமல் துண்டித்துவிடுகின்றோம். நண்பர்கள் சிலர் இதனைச் செருக்கு என நினைக்கின்றனர். அம்மாணவர் நலமடைந்து பணிக்குத் திரும்பிவிட்டார். இம்மலருக்கும் அவர் ஒரு விளம்பரம் தர இசைந்திருந்தார். அச்சுக்குப் போகும் நாள்வரை வந்து சேரவில்லை. அழைத்துக் கேட்க மனம் வரவில்லை. அஞ்சலட்டை ஒன்று எழுதிப் போட்டிருக்கின்றோம்.